வந்து நிற்பவருக்கே நாற்காலி

2008 ஜனவரியில் ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மேக்ஸ் பாரிக்கு ஐக்கிய நாடுகள் சபையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் நடத்திவந்த இணைய விளையாட்டில் ஐ.நா.வின் பெயரும் சின்னமும் அனுமதியில்லாமல் பயன்படுத்தப்படுகின்றன, உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பாரி மல்லுக்கு நிற்கவில்லை. விளையாட்டுக்குள் இருந்த ஐ.நா.வைக் கலைத்துவிட்டு, அதே வேலையைச் செய்ய ‘வேர்ல்ட் அசெம்பிளி’ என்று புதிதாக ஒரு சபையைத் திறந்தார். அதுவரை உறுப்பினர்கள் மாதக்கணக்கில் வாதாடி, ஓட்டுப் போட்டு நிறைவேற்றியிருந்த தீர்மானங்கள் அத்தனையும் ஒரே நாளில் செல்லாமல் போயின. அதற்காக யாரும் கடையைக் கட்டவில்லை. முதல் தீர்மானத்திலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினார்கள்.

அந்த விளையாட்டின் பெயர் நேஷன்ஸ்டேட்ஸ். 2003 தொடக்கத்தில் வெளிவரவிருந்த ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்ற தன் நாவலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002 நவம்பரில் பாரி இதைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஒரு நாட்டை உருவாக்கிக்கொள்ளலாம். பெயர், கொடி, நாணயம், தேசிய விலங்கு எல்லாம் அவரவர் விருப்பம். அவ்வப்போது ஏதாவது ஒரு பிரச்சினை ஆட்சியாளரின் மேசைக்கு வரும். ஓட்டுப்போடுவதைக் கட்டாயமாக்கலாமா, பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தலாமா என்பது மாதிரியான கேள்விகள். கொடுத்திருக்கும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ப நாட்டின் பொருளாதாரமும் மக்களின் உரிமைகளும் ஏறும், இறங்கும். வெற்றி, தோல்வி என்று எதுவும் கிடையாது.

நாவல் வந்து பழையதாகிவிட்டது. விளையாட்டு இருபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாரி எழுதிவைத்த கேள்விகளுக்கு விடையளிப்பதற்காக மட்டும் இத்தனை காலம் ஆட்கள் தங்கியிருக்க மாட்டார்கள். நாடுகள் சேர்ந்து வட்டாரங்கள் ஆயின. வட்டாரங்களுக்கு அரசியல் சட்டம் வந்தது; தேர்தல், நீதிமன்றம், தூதரகம், உளவுப்படை வந்தன; கூடவே ஆட்சிக்கவிழ்ப்பும் வந்தது. இவற்றில் பெரும்பகுதி விளையாட்டின் விதிகளில் எழுதப்படாதவை. ஆடியவர்கள் தாங்களாகக் கட்டியவை.

இந்த நாடுகளில் போலீஸ் இல்லை, சிறை இல்லை. பிடிக்காவிட்டால் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடலாம். அப்படியிருந்தும் இங்கே அதிகாரம் இருக்கிறது, அதற்காக ஆண்டுக்கணக்கில் சண்டையும் நடக்கிறது. அந்த அதிகாரம் எதனால் ஆனது என்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் தென்படுகின்றன. ஒன்று, நாள் தவறாமல் வந்து நிற்பது. மற்றொன்று, ஆட்களை வெளியே தள்ளும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது. மற்ற எல்லாமே, அரசியல் சட்டம் உட்பட, இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தத்தளிக்கிறது.

இரண்டு தேர்தல், ஒரு பதவி

நேஷன்ஸ்டேட்ஸில் ஒருவர் எத்தனை நாடுகளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேர்ல்ட் அசெம்பிளியில் ஒருவருக்கு ஒரே ஒரு நாடுதான் உறுப்பினராக இருக்க முடியும். மீறினால் தளத்தை நடத்துபவர்கள் வெளியேற்றிவிடுவார்கள். ஒரே வட்டாரத்தில் இருக்கும் உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ‘ஆதரவு’ தரலாம். ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. யாருக்கு அதிக ஆதரவு சேர்கிறதோ அவர்தான் அந்த வட்டாரத்தின் டெலிகேட். அசெம்பிளியில் அவருடைய ஓட்டின் மதிப்பு, தன் ஒரு ஓட்டோடு பெற்ற ஆதரவுகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. ஆயிரம் ஆதரவு வைத்திருப்பவர் கை தூக்கினால் ஆயிரத்தொரு கை தூக்கியதற்குச் சமம். வட்டாரத்தின் முகப்புப் பக்கத்தை மாற்றுவது, வேண்டாதவரை வெளியேற்றுவது, திரும்ப வராமல் தடை போடுவது ஆகிய பொத்தான்களும் பெரும்பாலும் அவர் கைக்கே வரும்.

இது இயந்திரம் நடத்தும் தேர்தல். இதற்கு மனிதர்கள் இன்னொரு தேர்தலையும் சேர்த்தார்கள்.

‘தி நார்த் பசிபிக்’ என்ற பெரிய வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எழுதிவைத்த அரசியல் சட்டம் உண்டு, சட்டமன்றம் உண்டு, நீதிமன்றம் உண்டு. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை டெலிகேட் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. பிரச்சாரம், கேள்வி நேரம், வாக்குப்பதிவு என எல்லாமே விளையாட்டுக்கு வெளியே உள்ள தனி விவாதத் தளத்தில் நடப்பவை. அங்கே வந்து ஓட்டுப் போடுபவர்கள் வட்டாரத்தில் உள்ள ஆயிரக்கணக்கான நாடுகளில் ஒரு சிறு பகுதியினர்தான். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தவரை விளையாட்டின் இயந்திரம் அறியாது. அதற்குத் தெரிந்தது ஆதரவுக் கணக்கு மட்டும். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் பழைய டெலிகேட், ‘எனக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், புதியவருக்குத் தாருங்கள்’ என்று எல்லோரையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவுகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இடம்பெயர நாட்கள் பிடிக்கும். பலர் அந்தச் செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நார்த் பசிபிக்கின் அரசியல் சட்டம் காகிதத்தில் எவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருந்தாலும், அது நிற்பது இந்த ஒற்றை வழக்கத்தின் மேல்தான். தோற்றவர் பொத்தானைத் தர மறுத்தால்? ‘மாட்டேன்’ என்று சொல்வதை விளையாட்டு தடுக்காது. அந்த நிமிடத்திலிருந்து அவரை எதிர்ப்பவர்களை அவர் ஒவ்வொருவராக வெளியே தள்ளலாம். இதைத்தான் இந்த உலகத்தில் ஆட்சிக்கவிழ்ப்பு என்கிறார்கள். இதற்கு அஞ்சியே பெரிய வட்டாரங்கள் நம்பிக்கைக்குரிய பழைய உறுப்பினர்கள் சிலரைக் காவலர்களாக நியமித்து, டெலிகேட்டுக்கு அடுத்தபடியாக அதிக ஆதரவை அவர்களிடம் சேர்த்துவைக்கின்றன. டெலிகேட் மீறினால் அடுத்த நாற்காலிக்கு அவர்கள் தயாராக இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஒருவர் அதிக ஆதரவைச் சேர்த்தால் எச்சரிக்கை வரும், கேட்காவிட்டால் வெளியேற்றம்.

பசிபிக்கில் ஒரு பேரரசு

இந்த அச்சத்துக்கு வித்திட்டது 2003 ஆகஸ்ட். புதிதாகப் பிறக்கும் நாடுகள் தாமாகவே வந்து விழும் சில வட்டாரங்கள் உண்டு. ஆடுபவர்கள் அவற்றை ஊட்டி வட்டாரங்கள் என்கிறார்கள். அவற்றுள் ஒன்று ‘தி பசிபிக்’. அங்கே பிராங்கோஸ் ஸ்பெயின் என்ற நாட்டின் பெயரில் ஆடியவர் டெலிகேட் ஆனார். எதிர்த்துப் பேசியவர்கள் வெளியே போனார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். ‘நியூ பசிபிக் ஆர்டர்’ என்ற ஆட்சி அறிவிக்கப்பட்டது. தலைமைக்குப் பேரரசர் என்று பட்டம்.

கவிழ்ப்புகள் அதற்கு முன்னும் நடந்திருக்கின்றன, பின்னும் நடந்திருக்கின்றன. பசிபிக்கின் கதை வேறுபடுவது, அங்கே ஆட்சிக்கு ஒரு சித்தாந்தமும் எழுதப்பட்டதால்தான். மார்க்சின் வர்க்கப் போராட்டத்தை இரவல் வாங்கி, விளையாட்டு உலகத்தையே இரண்டு வர்க்கமாகப் பிரித்தார்கள். ஊட்டி வட்டாரங்களில் வாழ்பவர்கள் ஒரு வர்க்கம். தனிநபர்கள் நிறுவிய வட்டாரங்களில் வாழ்பவர்கள் இன்னொரு வர்க்கம். இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்திலிருந்து ஆட்களை உறிஞ்சுகிறது, அதன் அரசியலிலும் தலையிடுகிறது. ஆகவே இது சுரண்டல் என்றது அந்தச் சித்தாந்தம். கிண்டலாகத் தொடங்கியதா, தீவிரமாகவா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பசிபிக்கில் அதே பெயரில் ஆட்சி நடக்கிறது. தேர்தல் ஜனநாயகங்கள் பல எழுந்து, குலைந்து, மறுபடி எழுந்த அதே காலத்தில் நடந்த ஆட்சி இது.

இந்தப் பேரரசின் கிளை வேறொரு விளையாட்டுக்கும் நீண்டது. 2006 ஜனவரியில் தொடங்கிய ‘சைபர் நேஷன்ஸ்’ விளையாட்டில் அதே பெயருடன் ஒரு கூட்டணி எழுந்தது. உடன்படிக்கைகளால் வலை பின்னி, சில ஆண்டுகள் அந்த விளையாட்டின் வல்லரசாகவே இருந்தது. 2009இல் எதிரணிகள் ஒன்றுசேர்ந்து ‘கர்மா’ என்ற பெயரில் தொடுத்த போரில் அதன் ஆதிக்கம் முறிந்தது.

விளையாட்டை வடிவமைப்பவர்கள் இவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 2006இல் நேஷன்ஸ்டேட்ஸில் ‘செல்வாக்கு’ என்றொரு அளவை வந்தது. ஒரு வட்டாரத்தில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள், எத்தனை பேர் உங்களை ஆதரிக்கிறார்கள் என்பதை வைத்து இது சேரும். ஒருவரை வெளியேற்ற டெலிகேட் தன் செல்வாக்கிலிருந்து செலவு செய்ய வேண்டும். வெளியேற்றப்படுபவர் பழையவராக இருந்தால் செலவு அதிகம். நேற்று வந்த கொள்ளைக்காரர் ஒரே இரவில் ஊரையே காலி செய்ய முடியாதபடி இது தடுத்தது. கூடவே வேறொன்றும் நடந்தது: பத்தாண்டு காலமாக ஒரே இடத்தில் இருப்பவரின் சொல்லுக்கு எண்ணில் கணக்கிட்ட எடை கிடைத்தது.

கண்விழித்திருக்கும் பத்துப் பேர்

‘வந்து நிற்பது’ எவ்வளவு நேரடியாக அதிகாரமாகிறது என்பதைப் படையெடுப்பில் பார்க்கலாம். ஆதரவுக் கணக்கை விளையாட்டு நாளுக்கு இரண்டு முறைதான் சரிபார்க்கிறது. அப்போது வட்டாரம் வட்டாரமாக வரிசையில் போகும். எந்த வட்டாரத்துக்கு எந்த நொடியில் கணக்கு வந்து சேரும் என்பதை முன்கூட்டியே கணித்துவைத்துக்கொண்டு, படையெடுப்பாளர்கள் கடைசி விநாடிகளில் உள்ளே குதிப்பார்கள். ஒருவர் முன்னே நிற்பார். மற்றவர்கள் அவருக்கு ஆதரவு தருவார்கள். இருநூறு நாடுகள் இருக்கும் வட்டாரத்தில் டெலிகேட்டுக்கு எட்டு ஆதரவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குதித்தவர்கள் பதினொரு பேர் என்றால் கதை முடிந்தது. நாற்காலி கைமாறிவிடும். உள்ளூர் ஆட்கள் மறுநாள் காலை வந்து பார்க்கும்போது முகப்பில் வேறு கொடி பறக்கும்.

இதற்கு எதிராகக் காவல் படைகளும் உண்டு. படையெடுப்பைக் கண்காணித்து, அதே விநாடிகளில் தாங்களும் குதித்து உள்ளூர் டெலிகேட்டுக்கு ஆதரவு தருவார்கள். இரு தரப்பிலும் சேர்ந்து கணினிக்கு முன்னால் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் சில டஜன் பேர்தான் இருப்பார்கள். ஒருவருக்கு ஒரே அசெம்பிளி உறுப்பினர் இடம் என்ற விதியால், இங்கே பணமோ பழைய பெருமையோ எடுபடாது. அந்தச் சமயத்தில் எத்தனை தலைகள் என்பதே கணக்கு.

2009இல் அசெம்பிளிக்குள் பாதுகாப்பு மன்றம் உருவானது. ஒரு நாட்டைப் பாராட்டித் தீர்மானம் போடலாம், கண்டித்தும் போடலாம். படையெடுத்தவர்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய வட்டாரத்தைத் திறந்துவிடும் ‘விடுவிப்பு’த் தீர்மானமும் போடலாம். கண்டனத் தீர்மானத்துக்கு நேர்ந்த கதி சுவையானது. பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சின்னம் அதோடு வருவதால், படையெடுப்பாளர்கள் அதைப் பதக்கம்போல விரும்பத் தொடங்கினார்கள்.

இருபத்தெட்டு நாள்

நேஷன்ஸ்டேட்ஸில் ஒரு நாட்டுக்கு 28 நாள் யாரும் எட்டிப்பார்க்காவிட்டால் அது மறைந்துவிடும். விடுமுறை என்று முன்கூட்டிக் குறித்துவைத்தால் 60 நாள். இந்தச் சிறு விதிதான் அந்த உலக அரசியலின் அடித்தளம். தனிநபர் நிறுவிய வட்டாரத்தில் நிறுவனருக்கு டெலிகேட்டையும் மீறும் அதிகாரம் நெடுங்காலம் இருந்துவந்தது. அவர் இருக்கும்வரை எந்தப் படையெடுப்பும் நிலைக்காது. அடுத்த நாள் வந்து எல்லோரையும் துரத்திவிடுவார். ஆனால் அவருக்குப் பரீட்சை வந்தாலோ, திருமணம் ஆனாலோ, சலித்துப்போனாலோ, 29ஆம் நாள் அந்த வட்டாரத்துக்குக் காவல் இல்லை. படையெடுப்பாளர்கள் இப்படி நிறுவனர் மறைந்த வட்டாரங்களைப் பட்டியலிட்டுவைத்துத் தேடுவார்கள்.

ஆட்கள் கரைந்துகொண்டே இருப்பதால், புதியவர்களைப் பிடிப்பது ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் முதல் வேலையாகிவிட்டது. நேஷன்ஸ்டேட்ஸில் ஒருவர் நாடு தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருடைய பெட்டியில் அழைப்புக் கடிதங்கள் குவியும். ‘எங்கள் வட்டாரத்துக்கு வாருங்கள், உங்களுக்கு அமைச்சர் பதவி காத்திருக்கிறது’ என்ற தொனியில் எழுதியிருப்பார்கள். நிரல் எழுதித் தானாக அனுப்பினால் ஆள் சேர்ப்புக் கடிதம் 180 விநாடிக்கு ஒன்றுதான் போக வேண்டும் என்று தளமே வரம்பு வைத்திருக்கிறது. காசு கொடுத்து அஞ்சல்தலை வாங்கினால் மொத்தமாக அனுப்பலாம்.

வந்தவரைத் தங்கவைப்பதுதான் கஷ்டம். இணையக் கூட்டங்களில் எழுதுபவர்கள் எப்போதும் சிறுபான்மை என்பதை யாகோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்காகச் சொன்னார். நூற்றில் தொண்ணூறு பேர் பார்ப்பார்கள், ஒன்பது பேர் அவ்வப்போது ஏதாவது செய்வார்கள், ஒருவர் பெரும்பாலான வேலையைச் செய்வார். கற்பனை நாடுகளின் அரசாங்கங்கள் அந்தத் தொண்ணூறிலிருந்து ஒவ்வொருவராக ஒன்பதுக்கு இழுக்கப் படாதபாடு படுகின்றன. கலாச்சார அமைச்சகம், வானொலி, செய்தித்தாள், விளையாட்டுப் போட்டி, பல்கலைக்கழகம் என்று துறைகள் பெருகுவது இதனால்தான். ஆளுக்கொரு பதவி கொடுத்தால் ஒரு மாதமாவது இருப்பார்கள். தளமும் தன் பங்குக்கு உதவுகிறது. ஆண்டுதோறும் ஹாலோவீன் சமயத்தில் எல்லா நாடுகளையும் ஜோம்பிகள் தாக்கும். மருந்து கண்டுபிடிப்பதா, சுட்டுத் தள்ளுவதா, பேசாமல் தானும் ஜோம்பியாகிவிடுவதா என்பது அவரவர் வெளியுறவுக் கொள்கை.

இதில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாடு அலுப்பானது. போட்டியில்லாத் தேர்தல், நிரம்பாத நீதிபதி இடங்கள், பதில் வராத மசோதா விவாதம் என்று சில மாதங்கள் போகும். திடீரென ஒரு கவிழ்ப்பு, ஓர் உளவாளி பிடிபடுதல், ஒரு ராஜினாமா. அந்த வாரம் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது தெரியும், கவிழ்க்க நினைப்பவர்களுக்கும் தெரியும்.

வராதவருக்குக் குடியுரிமை இல்லை

சில கூட்டங்கள் வருகைப்பதிவையே சட்டமாக்கிவிட்டன. டலோசா என்ற கற்பனை முடியாட்சி அதில் முன்னோடி. 1979 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன் தன் படுக்கையறையைத் தனி நாடாக அறிவித்ததில் தொடங்கியது இது. தனக்கென மொழியும் உருவாக்கினார். 1990களின் நடுவில் இணையத்துக்கு வந்தபோது, அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் குடிமக்கள் ஆனார்கள். அங்குதான் சிக்கலும் பிறந்தது. அறைக்குள் நண்பர்கள் ஏற்றுக்கொண்ட அரசரின் அதிகாரத்தை, இணையத்தில் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். 2004இல் ஒரு கூட்டம் பிரிந்து குடியரசு அமைத்தது. 2005இல் மேடிசன் முடி துறந்தார். பிறகு அரசரையே தேர்ந்தெடுத்தார்கள். பிரிந்தவர்கள் 2012இல் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள்.

டலோசாவின் கீழவைக்கு 200 இடங்கள். ஆனால் குடிமக்கள் எண்ணிக்கையே சில நூறுதான். அதனால் கட்சிகள் வாங்கிய ஓட்டுக்கேற்ப இடங்களைப் பெற்று, அவற்றைத் தங்கள் உறுப்பினர்களுக்குப் பிரித்துக்கொடுக்கின்றன. ஒரே ஆள் பல இடங்களை வைத்திருப்பார். தொடர்ந்து பொதுத்தேர்தல்களில் ஓட்டுப்போடாமல் இருப்பவர் குடியுரிமையைத் துறந்தவராகக் கருதப்படுவார். உயிருள்ள ஆட்களின் நாடாக அது தொடர்வதற்குக் காரணம் இந்தக் கண்டிப்பும்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள், ரெட்டிட் தளத்தில் 2014இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் போலவே ஒரு மாதிரி மக்களவையைத் தொடங்கியவர்கள். முதலில் தளத்தில் இருப்பவர்களே ஓட்டுப் போட்டார்கள். யார் வெளியிலிருந்து அதிகம் பேரைக் கூட்டிவருகிறாரோ அவர் வெல்வார் என்றானது. பின்னர் ஓட்டுகளையே கைவிட்டு, கணக்கிட்டு முடிவை அறிவிக்கும் முறைக்கு மாறினார்கள். விவாதத்தில் எவ்வளவு பேசினீர்கள், எத்தனை மசோதா கொண்டுவந்தீர்கள், பிரச்சாரம் எப்படி என்பதையெல்லாம் எடைபோட்டுக் கட்சிகளின் செல்வாக்கு ஏறும், இறங்கும். அங்கே உழைப்பு நேரடியாக வாக்கு வங்கியாகிறது. வாக்காளர் என்று எவரும் இல்லை.

கூட்டிவரப்படும் கூட்டம் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு ‘இரிபப்ளிக்’ சாட்சி. டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்டு ஜார்ஜ் லெம்னாரு, அலெக்சிஸ் போந்தே இருவரும் 2008இல் திறந்த விளையாட்டு இது. நிஜ நாடுகளின் பெயர்களிலேயே நாடுகள். மாதந்தோறும் 5ஆம் தேதி அதிபர் தேர்தல், 15இல் கட்சித் தலைவர், 25இல் காங்கிரஸ். சிறு நாட்டின் கட்சியில் சேர யாருக்கும் தடையில்லாத காலத்தில், வேறு நாட்டுக்காரர்கள் முப்பது நாற்பது பேர் குடியேறி, ஒரு கட்சியைப் பிடித்து, காங்கிரஸைப் பிடித்து, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போவது வாடிக்கையாக நடந்தது. போரிட்டுப் பிடிக்க முடியாத நாட்டை ஓட்டுச் சீட்டால் பிடித்தார்கள். பிற்பாடு குடியுரிமை தருவதற்குக் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்ற தடுப்பு வந்தது.

சர்வர் சாவி

இத்தனை அரசியலுக்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. கணினியைச் சொந்தமாக வைத்திருப்பவர். அவர் எவ்வளவு தலையிடலாம் என்ற கேள்வி நேஷன்ஸ்டேட்ஸுக்கு முன்பே எழுந்துவிட்டது. 1990இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் ‘லாம்டாமூ’ என்ற எழுத்துவடிவ உலகத்தைத் தொடங்கினார். நிர்வாகிகளுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். சண்டை சச்சரவுகளைத் தீர்த்துவைத்துக் களைத்துப்போன கர்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு எழுதினார். இனி மந்திரவாதிகள் சமூக முடிவுகளில் தலையிட மாட்டார்கள். இயந்திரம் ஓடுவதை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

சில மாதங்களில் சோதனை வந்தது. 1993இல் ஒரு பாத்திரம் சிறு நிரல் ஒன்றின் உதவியால் மற்றவர்களின் பாத்திரங்கள் ஆபாசமான செயல்களைச் செய்வதாக எல்லோர் திரையிலும் காட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள். ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு மந்திரவாதி தனியாக யோசித்து அந்தப் பாத்திரத்தை அழித்தார். நிகழ்வைப் பற்றி ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் எழுதிய கட்டுரை இணைய அரசியல் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். கர்டிஸ் பிறகு மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையைக் கட்டினார்: போதுமான கையெழுத்து சேர்ந்தால் மந்திரவாதிகள் பரிசீலிப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் நிறைவேற்றுவார்கள். ஆனால் எது இயந்திர வேலை, எது அரசியல் வேலை என்று கோடு கிழிக்க முடியவில்லை. 1996இல் மந்திரவாதிகள் மறுபடி ஓர் அறிவிப்பு வெளியிட்டு, விலகி நிற்பதாகச் சொன்னது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொண்டு முடிவெடுக்கும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலான கற்பனை நாடுகளின் வரலாறு இந்தப் பாதையிலேயே போகிறது. எழுதிவைத்த ஜனநாயகம் இருக்கும். சாவிக்காரர் விலகி நிற்பதாகச் சொல்வார். ஒரு பெரிய தகராறில் அவர் மீண்டும் முன்னே வருவார். சாவி தளத்தின் சொந்தக்காரரிடம்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2009 பிப்ரவரியில் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டின் மிக வலிமையான கூட்டணிகளில் ஒன்றான ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ ஒரே இரவில் கலைந்துபோனது. நிர்வாக உரிமை பெற்ற ஓர் இயக்குநர் எதிரணிக்குத் தாவி, கூட்டணியைக் கலைக்கும் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் ராபர்ட் மிக்கேல்ஸ் 1911இல் ஜனநாயகம் பேசிய சோஷலிஸ்ட் கட்சிகளை ஆராய்ந்து, எந்த அமைப்பும் வளர வளர ஒரு சிறு கூட்டத்தின் கைக்குப் போய்விடும் என்று வாதிட்டார். ‘சிலராட்சியின் இரும்பு விதி’ என்று அது பெயர்பெற்றது. இணையத்தில் இந்த விதி செல்லாது, எல்லோரும் சமம் என்றொரு நம்பிக்கை இருந்தது. ஆரன் ஷா, பெஞ்சமின் மாகோ ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் 683 விக்கி தளங்களின் பதிவுகளைப் பரிசோதித்தார்கள். தளங்கள் வளரும்போது புதிய நிர்வாகிகள் சேர்வது குறைந்தது. இருக்கும் நிர்வாகிகள் மற்றவர்களின் மாற்றங்களை நீக்குவது அதிகரித்தது. கற்பனை நாடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. அங்கே ஆட்சி செய்பவர்கள் சதி செய்து சிலராகவில்லை. மற்றவர்கள் வராமல் போனதால் சிலராகிவிட்டார்கள். பிறகு, வருகிறவர்களுக்குப் பழையவர்களின் இருப்பே சுவராகிவிட்டது.

2023இல் நேஷன்ஸ்டேட்ஸ் இந்தச் சுவரில் ஒரு சோதனை நடத்தியது. நிறுவனர் என்ற முறை மாற்றப்பட்டு, வட்டாரங்கள் இரண்டு வகையாயின. ஒன்று ‘கோட்டை’. அங்கே ஆளுநர் ஒருவர் இருப்பார். அவருக்குப் பின் வர வாரிசையும் நியமிக்கலாம். படையெடுப்பு என்ற பயம் குறையும். மற்றது ‘எல்லைப்பகுதி’. அங்கே ஆளுநர் இல்லை. ஆதரவை வெல்பவர்தான் முதல்வர். காவல் இல்லாவிட்டால் யாரும் பறித்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகப் புதிதாகப் பிறக்கும் நாடுகளில் ஒரு பங்கு தானாகவே அங்கே வந்து சேரும். அதாவது ஆட்கள் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, இரண்டில் ஒன்றை வட்டாரம் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லைப்பகுதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் புதியவர்கள் ஓடை போல வருகிறார்கள். வந்தவர்களை உடனே அசெம்பிளியில் சேரவைத்து, டெலிகேட்டுக்கு ஆதரவு தரச் சொல்லி, கணக்குச் சரிபார்க்கும் நேரத்தில் யாராவது விழித்திருக்க ஏற்பாடு செய்வதே அந்த அரசாங்கங்களின் அன்றாட நிர்வாகம்.